கோரைத்துறையை இழுத்த நரம்பு

கோரைத்துறையில் இருந்த ஆடுகள் அத்தனையும் ஒரே காலையில் கட்டை அவிழ்த்துக்கொண்டு, வேலி தாண்டி, வாய்க்கால் தாண்டி, காரைக்கால் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி வழி வாங்கி, தையல்நாயகியின் மாவு மில்லுக்கு முன்னால் வந்து நின்றபோது, ஊர்க்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என் ஆடு எது, உன் ஆடு எது என்றுதான் கேட்டார்கள். காதில் வெட்டு போட்டதை வைத்து ஒருத்தி அடையாளம் சொன்னாள், கழுத்து மணியை வைத்து இன்னொருத்தி சொன்னாள், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு மட்டும் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள், வந்ததுதான் வந்தோம் என்று நாலைந்து பேர் வீட்டுக்குப் போய் அரிசியை எடுத்துவந்து அரைக்கவும் கொடுத்தார்கள். வருத்தப்பட்டவள் தையல்நாயகி ஒருத்திதான். அவள் மடியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்ற ஒரு கைப்பிடி, சக்கரத்தை உரசியபடி அவளே முறுக்கிக் காயவைத்துக் கட்டிய ஆட்டுக்குடல் நரம்பு இரண்டு. பாட்டின் முதல் அடி அன்றைக்குத்தான் அவளுக்கு ஒழுங்காக வந்திருந்தது. அதை ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை, எல்லாரும் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்டி பிரான்ஸிலிருந்து வந்தது. காரைக்கால் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தர் பிரான்ஸில் இருப்பது ஊரறிந்த சங்கதி; தையல்நாயகிக்கு அங்கே நாத்தனார் செல்வாம்பாள் இருந்தாள். மாடி வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி சாகும்போது செல்வாம்பாளுக்கு என்று விட்டுப்போனது இது. செல்வாம்பாளுக்கு அதை வைக்க இடமில்லை, எறிய மனசில்லை, ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் சூட்கேஸில் சென்ட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே வைத்து அனுப்பிவிட்டாள். பிரித்துப் பார்த்தவர்கள் முறுக்கு பிழிகிற மெஷின் என்றார்கள், வெள்ளைக்காரன் இடியாப்பம் இப்படித்தான் சுற்றுவான் என்றார்கள், பக்கவாட்டில் இருந்த சின்னச் சின்னக் கட்டைகளைத் தட்டிப் பார்த்து அச்சு மாற்றுகிற இடம் என்றுகூட ஒருவர் கண்டுபிடித்தார். தையல்நாயகி செல்வாம்பாளுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டபோதுதான் அது வாத்தியம் என்று தெரிந்தது. வயலினுக்கு வில் என்ன செய்யுமோ அதை இதற்குச் சக்கரம் செய்யும், கட்டையை அமுக்கினால் பாட்டு, அமுக்காத நரம்பில் விடாமல் சுதி. எல்லாம் இருந்தது, நரம்பு மட்டும் இல்லை. இங்கே ஒரு செட் வாங்கினால் என் நகையை வைக்கணும், நீயே அங்கே பார்த்துக் கட்டிக்கோ அண்ணி என்று செல்வாம்பாள் போனை வைத்துவிட்டாள்.

தையல்நாயகிக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, கைக்கு வேலை இல்லாமலும் இல்லை, பின்னே எதற்கு இந்த ஆசை என்று கேட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாட அவளை நிறுத்திய டீச்சர், ஒரே நாளில், நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்மா என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு மூடிய வாய், கல்யாணமாகி மில்லுக்கு வந்த பிறகுதான் திறந்தது. மில் ஓடும்போது இடியே விழுந்தாலும் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து அவள் வாய்விட்டுப் பாடினாள். பாடப் பாட ஒரு பாட்டு தானாக உருவாகி, மிளகாய் அரைக்கையில் ஒரு அடி, கேழ்வரகு அரைக்கையில் ஒரு அடி என்று வளர்ந்து, நடுவில் ஒரு இடத்தில் வழுக்கி இறங்கி, மறுபடி மேலே ஏறி, அழகாக முடிகிற அளவுக்கு முழுசாகிவிட்டது. வருஷக்கணக்காக மாவு வாங்க வந்தவர்கள் எல்லாரும் அவள் வாய் அசைவதைப் பார்த்திருக்கிறார்கள். பாட்டைக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஒரே ஒரு தடவை, யாராவது ஒருவர், அதை முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆக, நரம்பு. ஒரு வெள்ளைக்காரன் போன் வீடியோவில் தாடியை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தான், செல்வாம்பாளின் மகள் அதைத் தமிழில் சொல்லி அனுப்பினாள். புதுசாகக் கற்கிறவர்கள் எல்லா நரம்பையும் கட்டிக்கொண்டு அழக் கூடாது, பாட்டுக்கு ஒன்று சுதிக்கு ஒன்று போதும். ஆட்டுக்குடல் நரம்பு என்றால் சத்தம் இழைந்து வரும், மழைக்காலத்தில் மக்கர் பண்ணும். நைலான் என்றால் சொன்னபடி கேட்கும், சத்தத்தில் கொஞ்சம் உயிர் குறையும். நரம்பில் பஞ்சு சுற்ற வேண்டும், சக்கரத்துக்குக் குங்கிலியம் போட வேண்டும். சுதி இரண்டு விதமாக வைக்கலாம், எதை எடுத்தாலும் ஆறு மாதம் கழித்து மற்றதை எடுத்திருக்கலாமே என்று தோன்றும், கவலைப்படாதீர்கள் என்றும் அவன் சொன்னான். இங்கிலீஷ் எழுத்தில் சொன்ன அந்தச் சுதிகளை நம்மூர்ப் பாட்டுக்காரர்கள் சொல்கிற கட்டைக் கணக்கில் மாற்றித் தர, பஜனை மடத்து ஆர்மோனியக்காரர் பக்கிரிசாமி வந்தார். ஒன்றுக்கு ஒரு கட்டையும் ஐந்து கட்டையும், மற்றதுக்கு ரெண்டு கட்டையும் ஐந்து கட்டையும் என்று விரல் விட்டுச் சொன்னவர், உலகத்தில் பெண்பிள்ளை என்று பிறந்தால் ஐந்தரைதான், வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று முடித்துவிட்டார். படகுக்குப் பூசுகிற குங்கிலியம் ஊரில் நிறைய இருந்தது. குடல் கறிக்கடையில் கிடைத்தது. கழுவி, சுரண்டி, முறுக்கி, காக்கைக்குக் காவலிருந்து கொடியில் காயவைத்தாள்.

கட்டிச் சுற்றினாள், ஆடுகள் வந்தன. நரம்பு எதற்குச் சொந்தமோ, எதோடு பழகியதோ, அதைக் கூப்பிடும் என்பது இப்படித்தான் கோரைத்துறைக்குத் தெரியவந்தது. தெரிந்த பிறகு எல்லாரும் அதை வெயில் அடிக்கிறது என்பதுபோல எடுத்துக்கொண்டார்கள். கறிக்கடை அன்வர்தீன் மரைக்காயர் மட்டும் ஒரு வாரம் பார்த்துவிட்டு நேரில் வந்து, தங்கச்சி, நீ சுத்துறப்ப என் கடையில தொங்குறதுகூட இந்தப் பக்கமா ஆடுது, வாங்க வர்றவங்க அதைப் பாத்துட்டுக் கத்திரிக்கா வாங்கிட்டுப் போயிடுறாங்க, கொஞ்சம் மனசு வையி என்று கேட்டுக்கொண்டார். அவள் மனசு வைத்தாள். குடலை அவிழ்த்துவிட்டு, தூண்டில் போடுகிற நைலான் நரம்பை வாங்கிக் கட்டினாள்.

ஆடு வந்ததே, மீன் வராதா என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மில்லில் உட்கார்ந்து சுதியை ரெண்டு கட்டையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள், அரை மைல் தள்ளிக் கடற்கரையில் வஞ்சிரம் வஞ்சிரமாக அலையோடு ஏறி மணலில் வந்து படுத்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் வாழ்க்கை அவளுடையதாக இல்லை. கோரைத்துறையில் எந்தப் படகு என்றைக்குக் கடலுக்குப் போகலாம், எந்த வலை போடலாம், எந்த வலை போடக் கூடாது என்பதையெல்லாம் ஊர்ப் பஞ்சாயத்துதான் முடிவு செய்யும். அந்த வழக்கப்படி, தையல்நாயகியின் பெட்டியில் எந்த நரம்பை எந்தச் சுதியில் வைப்பது என்பதும் பஞ்சாயத்துக்கு வந்தது. ஊர்த் தலைவர் காத்தலிங்கம் நடுவில் உட்கார்ந்தார், பக்கிரிசாமி ஆர்மோனியத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார், கடலோரமாகத் தையல்நாயகியை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டையாக ஏற்றி ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு கட்டைக்குச் சுறாவும் திருக்கையும் வந்தன. ரெண்டு கட்டைக்கு வஞ்சிரம். ஐந்து கட்டைக்குச் சங்கரா. பக்கிரிசாமி பெருமையோடு தொட்ட ஐந்தரைக்கு நெத்திலி. விசைப்படகு வைத்திருந்தவர்கள் ரெண்டு கட்டைதான் சாஸ்திரம் என்றார்கள், ஃபைபர் படகுக்காரர்கள் ஐந்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள், கருவாடு போடுகிற பெண்கள் ஒரே குரலில் ஐந்தரை, ஐந்தரை என்று கத்தினார்கள். அதுவரை சுதி என்றால் என்னவென்றே தெரியாத ஊரில், அண்ணன் தம்பி அரைக் கட்டைக்காகப் பேச்சு வார்த்தையை விட்டார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் நீங்க எத்தனை கட்டைக் குடும்பம் என்று கேட்டார்கள். கடைசியில் முறை வைத்துக்கொள்வது என்று தீர்மானமாகி, விடிந்ததும் தையல்நாயகியைக் கொண்டுபோய்க் கடற்கரையில் உட்கார வைப்பதும், குடை பிடிப்பதும், டீ வாங்கிக் கொடுப்பதும், மத்தியானம் ஒரு தட்டு மீனோடு வீட்டில் கொண்டுவந்து விடுவதும் நடைமுறைக்கு வந்துவிட்டது.

எல்லாம் சரி, பாட்டு எங்கே? பெட்டியின் பக்கத்துக் கட்டை ஏதாவது ஒன்றில் விரலை வைத்தால் போச்சு, சுதி மாறி வஞ்சிரம் திரும்பிப் போய்விடும். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் பொறுக்க மாட்டாமல், சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை நிறுத்தாமலே பாட்டின் முதல் அடியை வாசித்தாள். வாசித்த ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு ஜாதி மீன் கிளம்பி, ஒன்றோடொன்று முட்டி, கெளுத்தி மேல் வாளை, வாளை மேல் நண்டு, நண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கடல் பாம்பு, அதற்கும் பின்னால் தொட்டால் அரிக்கிற சொறிமீன் கூட்டம் என்று வந்து கரையில் குவிந்ததில், அள்ளப் போனவர்கள் எல்லாரும் இரண்டு நாள் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருந்தார்கள். பஞ்சாயத்து கூடியது. சுற்றுகிறவர் கட்டையில் விரல் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். காத்தலிங்கம் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்: பாட்டெல்லாம் எதுக்கும்மா, நீ சுதியை மட்டும் பிடிச்சுக்கிட்டிருந்தாப் போதும்.

வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தையல்நாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து புருஷன் வைரக்கண்ணுவிடம் சொன்னாள். வைரக்கண்ணு படகு இன்ஜின் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்கச் சத்தத்தோடு மாரடிக்கிறவனுக்கு வீட்டிலும் ஒரு சத்தம் கேட்பது பிடிக்கவில்லை. இந்த மாதிரி முனகுற இன்ஜினை நான் பழைய இரும்புக்குத்தான் போடச் சொல்லுவேன் என்றான். அவள் வாசிக்க உட்கார்ந்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவான். ஆனால் கைப்பிடி கரகரக்கிறது என்று ஒரு தடவை அவள் சொன்னதற்கு, எங்கிருந்தோ ஒரு பேரிங் கொண்டுவந்து, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மாட்டியும் கொடுத்தான். அவனோடு பாட்டைப் பற்றிப் பேசுவதை அவள் அன்றோடு விட்டுவிட்டாள்.

எதையும் கூப்பிடாத ஒரு நரம்பு உலகத்தில் இருக்க வேண்டுமே என்று தேட ஆரம்பித்தாள். வாழை நாரைக் கட்டினாள், கொல்லை வாழையெல்லாம் சுவரில் சாய்ந்து குலையை உள்ளே நீட்டின. சணலைக் கட்டினாள், கோணிச் சாக்குகள் ரேஷன் கடையிலிருந்து மெதுவாக நகர்ந்து வந்தன, அரிசியோடு வந்ததால் அதிகாரி வந்து விசாரித்துவிட்டுப் போனார். வைரக்கண்ணுவின் பெட்டியிலிருந்து செம்புக் கம்பியை எடுத்துக் கட்டினாள், அவள் சுற்றிய நேரம் ஊரில் கரண்ட் கட். மில்லில் மட்டும் எல்லா பல்பும் எரிந்து, ஃபேன் சுற்றி, ஃபியூஸ் போய்விட்டது. பூ கட்டுகிற நூலைக்கூட விடவில்லை. ஊர்ப் பெண்கள் தலையில் இருந்த மல்லிகையெல்லாம் பறந்து வந்து சக்கரத்தில் சிக்கிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்குச் சவுரி ஞாபகம் வந்தது. தெருப் பெண்கள் சீவும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சுருட்டிச் சுவர் ஓட்டையில் செருகி வைத்து, சவுரிக்காரி வரும்போது எல்லாருமாகச் சேர்த்துக் கொடுத்து முடைந்து வாங்கியது. கருப்பும் செம்பட்டையும் நரையுமாக முழ நீளத்துக்கு மேல் இருந்தது. முடி எதைக் கூப்பிடப் போகிறது, மிஞ்சிப் போனால் பேனைக் கூப்பிடும், பேன்தானே, வந்து பாட்டைக் கேட்டுவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள் மகராசி. முடியை எண்ணெய் போகக் கழுவி, இழை இழையாக முறுக்கி, குங்கிலியம் தடவி, பஞ்சு சுற்றி, கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை ஆரம்பித்தாள்.

முதலில் வந்தது பக்கிரிசாமி, ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு. அவருக்குப் பின்னால் டீக்கடைக்காரர் வடிகட்டியோடு. குளித்துக்கொண்டிருந்தவர்கள் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள், தாலாட்டிக்கொண்டிருந்தவள் தொட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாள், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பியவள் பஸ் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தாள். தலைமுடியைப் பிடித்த இழுப்பு வலிக்கவில்லை, பேன் பார்க்கும்போது தலையைப் பிடித்துத் திருப்புவார்களே, அந்த அளவுக்குத்தான் இருந்தது. ஆனால் கால் கேட்கவில்லை. சக்கரம் சுற்றுகிறவரை மில் வாசலில் நின்றார்கள், சக்கரம் நின்றதும் அடுப்பில் என்ன வைத்தோம் என்று ஞாபகம் வந்து ஓடினார்கள். வாசலில் என்ன சத்தம் என்று பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து பார்த்த தையல்நாயகிக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது.

இதையும் ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. பக்கிரிசாமி ஆர்மோனியத்தோடு வந்து சோதித்ததில், ஒரு கட்டைக்கு ஆம்பளைகள், ஐந்தரைக்குப் பெண்கள், நாலரைக்குக் கல்யாணமாகாத பிள்ளைகள் என்று கணக்குத் தெரிந்தது. ஆறு கட்டையில், வருஷக்கணக்காக முகம் பார்க்காத சம்பந்திகள் இரண்டு பேர் எதிரும் புதிருமாக வந்து நின்று, வேறு வழியில்லாமல் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டார்கள். உடனே ஆளாளுக்கு ஒரு சுதி கேட்டு வந்துவிட்டார்கள். சொட்டு மருந்து போடுகிற நர்ஸம்மா நாலரைக்கும் மேலே ஒன்று வேண்டும் என்றாள், காத்தலிங்கம் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஒரு கட்டை கேட்டார், ஊர்சுற்றிப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் பொழுது சாய்ந்தால் மில் வாசலில் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் ஒரு சுரம் வேண்டும், அவரவருக்கு வேண்டிய ஒற்றைச் சுரம். முழுப் பாட்டு என்று சொன்னால் மட்டும் முகம் மாறியது. பாட்டென்றால் எல்லாச் சுரமும் வரும், எல்லாச் சுரமும் வந்தால் எல்லாரும் வர வேண்டும், வந்தால் முடிகிறவரை நிற்க வேண்டும். யாரால் முடியும்?

தையல்நாயகி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பஞ்சாயத்தில் எழுந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவ. மொதல்லேருந்து கடைசி வரைக்கும். அதுக்கப்புறம் நீங்க சொல்ற நரம்பைக் கட்டுறேன், நீங்க சொல்ற கட்டையில வெக்கிறேன், சாவுற வரைக்கும் சுத்துறேன். அதுவரைக்கும் கைப்பிடியத் தொட மாட்டேன்."

சொன்னபடி தொடவில்லை. மீன் வரவில்லை, பிள்ளைகள் வீடு திரும்பவில்லை, கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. காத்தலிங்கம் இறங்கி வந்தார். மாசி மகத்தன்று சாயங்காலம், சாமி தீர்த்தவாரி முடிந்து போன பிறகு, கடற்கரையில் வைத்து ஒரு தடவை வாசித்துக்கொள்ளலாம் என்று தீர்மானமானது. கூடவே, கேட்க விருப்பமில்லாதவர்கள் தலையை மழித்துக்கொண்டால் இழுப்பிலிருந்து தப்பிக்கலாம், ஊர் அதைத் தப்பாக நினைக்காது என்றும் ஒரு வரி சேர்த்தார்கள்.

அந்த ஒரு வரிதான் ஊரைக் கெடுத்தது. சலூனில் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. கேட்டவர்களிடம் எல்லாரும் வேண்டுதல் என்றார்கள். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு ஒருவர், பழனிக்கு ஒருவர், நினைவுக்கு வராத குலசாமிக்கு ஒருவர். நேற்றுவரை கண்ணாடி முன்னால் சுருள் முடியைத் தடவிக்கொண்டிருந்த இளவட்டங்கள்கூடத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். பக்கிரிசாமி, தான் ஒரு வித்வான் என்பதால் ஆரம்பநிலைக்காரி வாசிப்பதைக் கேட்டால் சுரஞானம் கெட்டுவிடும் என்று காரணம் சொல்லி மழித்துக்கொண்டார். ஒரு பாட்டைக் கேட்காமல் இருப்பதற்காக இத்தனை பேர் தலையைக் கொடுத்த ஊர் வேறெங்கும் இருக்காது என்று தையல்நாயகி சிரித்துக்கொண்டே சொன்னாள், கண் மட்டும் சிரிக்கவில்லை. மாசி மகத்துக்கு முதல் நாள் வைரக்கண்ணு வீட்டுக்கு வந்தான். தலை பளபளவென்று இருந்தது. மீசையும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து மீசை இல்லாத அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. யாரோ எவரோ என்று ஒரு நிமிஷம் எழுந்து நின்றுவிட்டாள்.

அவன் கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், மற்றவன் மழித்துக்கொண்டால் அது வேண்டுதல், இவனுமா என்று நெஞ்சுக்குள் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சாமிகள் குளித்துப் போன மணலில், முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஈரக் காற்றில் முடி நரம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது, முறுக்கி ஏற்றினாள். சுதியை எத்தனை கட்டையில் வைப்பது என்று அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை; மில் ஓடும்போது எந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து பாடுவாளோ அந்தச் சத்தம் வருகிறவரை திருகி, அங்கே நிறுத்திக்கொண்டாள். ரெண்டும் இல்லை, ஐந்தும் இல்லை, எந்த ஆர்மோனியத்திலும் இல்லாத ஒரு இடம். சுற்ற ஆரம்பித்தாள்.

பெண்கள் வந்தார்கள். சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். மழித்துக்கொண்டு நிம்மதியாக டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப்பேரும் வந்தார்கள், ஏனென்றால் தலையை மழித்தவர்களுக்கு மீசையை மழிக்க மனசு வரவில்லை; மேலுதடு முன்னே, உடம்பு பின்னே என்று மணலில் கால் பதிய நடந்து வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் காத்தலிங்கம் வந்தார், அவர் மீசை ஊரிலேயே பெரிசு. தப்பித்தவர்களுக்குப் புருவத்தில் லேசாக அரித்தது, அவ்வளவுதான். வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டும், கொட்டாவி விட்டுக்கொண்டும், சுண்டலைக் கொறித்துக்கொண்டும் நின்றார்கள். தையல்நாயகி வாசித்தாள். நன்றாக வாசித்தாள் என்று சொன்னால் பொய். சக்கரம் இரண்டு இடத்தில் கீச்சிட்டது, விரல் ஒரு இடத்தில் தப்பான கட்டைக்குப் போய்த் திரும்பி வந்தது. ஆனாலும் பாட்டு பாட்டாக இருந்தது. முதல் அடி, இரண்டாம் அடி, நடுவில் அந்த வழுக்கி இறங்குகிற இடம். அந்த இடத்தில்தான் நிமிர்ந்தாள்.

கூட்டத்துக்கு முன்னால், நனைந்த மணலில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தான். தலையில் முடி இல்லை, முகத்தில் மீசை இல்லை. அவனை இழுக்க அந்த நரம்புக்கு எந்தப் பிடியும் கிடையாது.

அவள் கை நிற்கப் பார்த்தது, நிறுத்தவில்லை. ஏறி, சுற்றி வந்து, முடிகிற இடத்தில் முடித்தாள். சக்கரம் நின்றது. கூட்டம் அவிழ்த்துவிட்டதுபோலக் கலைந்து, அடுப்பையும் மாட்டையும் சீரியலையும் நினைத்துக்கொண்டு ஓடியது. ஒருவரும் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடல் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"உங்களத்தான் நரம்பு இழுக்காதே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள், வரவில்லை.

வைரக்கண்ணு மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டான்.

"அதுக்குத்தான் மழிச்சேன். முடியோட வந்து உக்காந்திருந்தா, நரம்பு இழுத்துத்தான வந்தேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டிருப்ப."

தையல்நாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் முந்தானையால் சக்கரத்தைத் துடைத்தாள். அவன், பேரிங் மாட்டியபோது பேசிய அதே எரிச்சல் குரலில், நடுவில் ஒரு இடத்தில் சர்ரென்று இறங்குகிறதே, அது என்ன என்று கேட்டான். அது அப்படித்தான் என்றாள். ஒரு தடவையில் சரியாகப் பிடிபடவில்லை, முதலிலிருந்து இன்னொரு தரம் வாசி என்றான்.

ஒரே ஒரு தடவை என்றுதான் பஞ்சாயத்தில் பேச்சு. தையல்நாயகி தெருப் பக்கம் பார்த்தாள். அப்போதுதான் வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்து, கதவு திறந்து, எல்லாரும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். அடுத்த நிமிஷம் தெரு முழுக்க ஒரே வசவு கிளம்பி, வாசல் வாசலாகச் சேர்ந்து, மணலைத் தாண்டி அவர்களைப் பார்த்து நடந்து வந்தது. எல்லாருக்கும் முன்னால், மீசை வழிகாட்ட, ஊர்த் தலைவர் தீர்மானத்தைச் சத்தம் போட்டு நினைவூட்டிக்கொண்டே வந்தார். வைரக்கண்ணு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விட்டான்.